கீழ்ப்பல்லுக்கு ஒரு கேட்ச்

பிப்ரவரி 11

பதினான்கு கதவு. ஒன்றுகூட உரசவில்லை. அந்த வீட்டம்மா ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். முப்பத்தைந்து வருடமாகச் சமையலறை அலமாரி மாட்டுகிறவனுக்குக் கிடைக்கிற பட்டம் இதுதான். சரி, போகட்டும்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கைக்குட்டை வாயில். என்ன என்று நாலு தடவை கேட்ட பிறகுதான் கதை வந்தது. டிரைவிங் ஸ்கூலில் இப்போது இவளிடம் கற்றுக்கொள்கிற பெண் ஒருத்தி, பாங்கில் வேலை. நாங்கள் பாங்க்காரி என்போம். திருப்பத்தில் எதிரே வேன் வந்திருக்கிறது. பாங்க்காரி உறைந்துபோய்விட்டாள். இவள் "பிரேக்" என்று கத்தியதில் கீழ்ப்பல் செட் வாயிலிருந்து பறந்துபோய் அந்தப் பெண்ணின் காலடியில், பிரேக்குக்கு அடியிலேயே விழுந்திருக்கிறது.

இவள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டாள். பிறகு குனிந்து, கைக்குட்டையில் பல்லை எடுத்து, பையில் போட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு மீதி இருபது நிமிடப் பாடத்தையும் கையைக் காட்டியே நடத்தியிருக்கிறாள். இடது, வலது, கியர் மாற்று, ஓரமாக நிறுத்து, எல்லாம் விரலால்.

நானாக இருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

பிப்ரவரி 12

ஸ்கூலுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னாள். நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

பிப்ரவரி 19

பல் டாக்டர். நாற்பது வயதுகூட இருக்காது. அளந்து பேசுகிற பெண்மணி. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடிகிறவரை பேனாவைத் தொடுவதில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஈறு நோயில் இவளுக்குப் பல் எல்லாம் எடுத்தார்கள். அன்றிலிருந்து மேலும் கீழும் கழற்றி மாட்டுகிற செட்தான். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம், கவலையில்லை. கீழே அப்படி இல்லை. எலும்பு தேய்ந்துபோய், செட் உட்கார மேடே இல்லாமல் போய்விட்டது. இத்தனை நாள் நாக்காலும் கன்னத்தாலும் பிடித்துவைத்துக்கொண்டே பேசியிருக்கிறாள் என்றார் டாக்டர். "பத்து வருஷமா இப்படிச் சமாளிச்சிருக்காங்கன்னா அது பெரிய விஷயம் சார்."

பத்து வருடம். பக்கத்திலேயே படுத்து எழுந்தவனுக்குத் தெரியவில்லை.

கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டு திருகு வைப்பார்கள். மூன்று மாதத்தில் எலும்பு அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் திருகின் தலையில் ஒரு பிடிப்பான், செட்டுக்கு அடியில் அதன் ஜோடி. அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். நிரந்தரமாக இல்லை. தினமும் சாயங்காலம் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு, ஈறுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

எனக்குப் புரிந்துவிட்டது. அலமாரிக் கதவு தானாகத் திறக்காமல் கவ்விப் பிடிக்கக் கேட்ச் வைக்கிற மாதிரிதான். நம்ம தொழில்.

மார்ச் 6

திருகு இரண்டும் போட்டாயிற்று. செட் மாட்டுகிறவரை இவள் ஸ்கூலுக்கு நீண்ட லீவு சொல்லிவிட்டாள். வெளியே உட்கார்ந்து அந்த டிரில் சத்தத்தைக் கேட்டு எனக்கு வியர்த்து ஊற்றியது. தினமும் டிரில்லைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறவன் நான்! உள்ளே இவள் மரத்துப்போன வாயோடு, "எத்தனை சுத்து சுத்தும் அது?" என்று டாக்டரைக் கேட்டாளாம். வெளியே வந்து என்னிடம் சொன்னாள், உங்க மெஷினைவிட மெதுவாம், அவசரமே இல்லாம போடுறாங்களாம், கத்துக்கோங்க என்று.

ஏப்ரல் 20

ஊறுகாய் பாட்டில் மூடியை என்னிடம் நீட்டினாள். கட்டைவிரல் அடியில் வலி, சாயங்காலம் ஆனால் வீங்குகிறது என்றாள். ஸ்டீயரிங் பிடித்த பழக்கமாக இருக்கும் என்றேன். மூடி லேசாகத்தான் மூடியிருந்தது.

ஜூன் 10

இன்று பிடிப்பான் தேர்ந்தெடுக்கிற நாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்ததில்லை.

டாக்டர் மேசைமேல் நாலு தாடை மாதிரிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வகை. முதலாவது, இரண்டு திருகையும் இணைத்து ஒரு கம்பி, செட்டுக்கு அடியில் அதைக் கவ்வும் கிளிப். பார்த்ததும் மயங்கிவிட்டேன், என்ன வேலைப்பாடு. ஆனால் கம்பிக்கு உயரம் வேண்டுமாம், இவள் வாயில் அவ்வளவு இடமில்லை. கம்பிக்கு அடியில் தினமும் குட்டி பிரஷை நுழைத்துத் தேய்க்கவும் வேண்டும். இரண்டாவது குண்டு. திருகின் தலையில் சின்ன உருண்டை, மேலே கிண்ணம். பழைய அலமாரிகளில் நான் வைத்த அதே குண்டு கேட்ச். அதற்கும் உயரம் கொஞ்சம் அதிகம், செட்டை அந்த இடத்தில் மெலிசாக்க வேண்டிவரும், உடையலாம் என்றார்.

மூன்றாவது தட்டையான பட்டன், அதற்குமேல் நைலான் வளையம். வளையத்தில் மூன்று நிறம். நீலம் லேசானது, ரோஸ் நடுத்தரம், நிறமில்லாதது முரட்டுப் பிடி. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாலாவது காந்தம். பக்கத்தில் கொண்டுபோனாலே தானாக இழுத்து உட்கார்ந்துகொள்கிறது. எடுப்பதும் சுலபம்.

"சாயங்காலம் யார் கழட்டுவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான். வேற யாரு?" என்றாள் இவள், கொஞ்சம் வெடுக்கென்று.

டாக்டர் இவள் கையை வாங்கிக் கட்டைவிரல் அடியை அழுத்திப் பார்த்தார். காந்தமோ நீல வளையமோ போதும் என்பது தன் எண்ணம் என்றார். எனக்கு மனசே ஒப்பவில்லை. காந்தக் கேட்சைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நேராக இழுத்தால் நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் நழுவும். நாலாவது மாதிரியைக் கையில் எடுத்து விரலால் தள்ளிக் காட்டினேன். பிறகு முரட்டு வளையத்தைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவே நடத்தினேன். காரில் கத்துகிற வேலை டாக்டர், மறுபடியும் பிரேக்குக்கு அடியில் போய்விட்டால் யார் பொறுப்பு என்றேன். கை நன்றாகத்தான் இருக்கிறது, இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை என்றும் சொன்னேன்.

இவளும் தலையை ஆட்டினாள். "கெட்டியாவே போடுங்க டாக்டர். அது விழக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு."

டாக்டர் முரட்டு வளையம் மாட்டிய மாதிரியைக் கொடுத்துக் கழற்றச் சொன்னார். மூன்று தடவை கழற்றினாள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மணி காலை பதினொன்று.

ஜூலை 2

மாட்டியாயிற்று. வாயில் வைத்துக் கழற்றுவதையும் டாக்டர் தனியாக மூன்று தடவை பார்த்தாராம். என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அது எங்கள் வீட்டுச் சட்டம். பல் எடுத்த நாளிலிருந்து இவளைப் பல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக் கழற்றுவாள், விளக்கை அணைத்த பிறகு படுப்பாள், நான் எழுவதற்குள் மாட்டியிருப்பாள். நானும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பிளை முழுசாக எடுத்து, கத்தி இல்லாமல், கடைவாயில் வைத்துக் கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்வாள்.

ஜூலை 4

வேலைக்குப் போனாள். பாங்க்காரி இவளுக்காகவே இத்தனை மாதம் வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் காத்திருந்தாளாம். இருக்காதா? இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பயம் தெரியாது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவள்தான். கல்யாணமான மூன்றாம் மாதம். நான் மைல்கல்லில் இடித்தபோது, "நல்லவேளை, அது நகரல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 9

பாத்ரூமில் அரை மணி நேரம். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீச்சல் குளம் கட்டுகிறாயா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஜூலை 13

ஞாயிறு. எங்கள் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துக் கதவு சரியாக மூடவில்லை. கேட்சுக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகியிருக்கிறது. இது மூன்றாவது தடவை. போன மாதம் எடுத்துப் போட்டேன், மறுபடியும் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கதவு மாட்டுகிறவன் வீட்டில் கதவு வாயைப் பிளந்துகொண்டு நிற்பதா? பேப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையிருப்பில் இருந்ததிலேயே பலமான கேட்சாகப் பார்த்து இரண்டு போட்டேன். இனி எலிகூடத் திறக்க முடியாது என்று பெருமையாக வேறு சொன்னேன்.

இவள் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள்.

ஜூலை 16

எழுதவே கை வரவில்லை.

பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்றப் போனேன், மதியம், இவள் வகுப்பில் இருந்த நேரம். அலமாரியில் இவளுடைய பல் டப்பா. கை தட்டிக் கீழே விழுந்துவிட்டது. எடுத்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடியில் தூசி. பக்கத்தில் பல் கழுவுகிற மாத்திரை அட்டை. டாக்டர் கொடுத்தது முப்பது. இருபத்தெட்டு அப்படியே இருக்கிறது.

பதினாலு நாள். ரெண்டே ரெண்டு நாள்தான் கழட்டியிருக்கா. மீதி பன்னிரண்டு நாளும் ராப்பகலா அப்படியே வாயில. அந்த அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள என்ன பண்ணிட்டிருந்தா? இழுத்துப் பார்த்திருக்கா. வரல. சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதுன்னு தண்ணியைத் திறந்துவிட்டிருக்கா. நான் வெளிய நின்னு நீச்சல் குளம்னு நக்கல் பண்ணியிருக்கேன்.

சாயங்காலம் வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை. சமையலறையில் நான் போட்ட புதுக் கேட்சுக் கதவை விரலால் இழுத்தாள். கையை உதறினாள். பிறகு கரண்டியை எடுத்துக் காம்பைக் கதவிடுக்கில் விட்டு நெம்பித் திறந்தாள், பாத்திரத்தை எடுத்தாள், செய்தித்தாளை மடித்து மறுபடியும் செருகினாள். ஒரு சலிப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி செய்தாள்.

பேப்பர் ஏன் வருதுன்னு ஒரு தடவையாவது கேட்டேனா? ரிப்பேர் பண்ணுறேன்னு மூணு தடவை அவ வழியை அடைச்சிருக்கேன். கை நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட சாட்சி வேற சொன்னேன். யாரோட கை? என் கையா?

முட்டாள். முட்டாள். முட்டாள்.

ஜூலை 17

காலையில் காபியை வைத்துவிட்டு, டப்பாவைப் பார்த்தேன் என்றேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

காபியை எடுத்து மெல்ல ஆற்றினாள். பிறகு எல்லாம் சொன்னாள். காலையில் கழற்ற வருகிறது, விரல் நன்றாக இருக்கிறது. ஆனால் காலையில் கழற்றி வைத்தால் வேலைக்கு எப்படிப் போவது? நாள் முழுக்க கியரும் ஸ்டீயரிங்கும் பிடித்து வீட்டுக்கு வந்தால் கட்டைவிரலில் உயிரே இல்லை. முதல் இரண்டு நாள் எப்படியோ பிடுங்கினாள். அப்புறம் முடியவில்லை. நாக்குக்கு அடியில் புண் வந்து ஒரு வாரமாகிறது. அந்தப் புண்ணோடுதான் இத்தனை நாளும் ஆப்பிள் தின்று காட்டினாள், எனக்காக.

நான் கழற்றிவிடுகிறேன் என்றேன். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிட வேலை, இதில் என்ன கூச்சம், கட்டின புருஷன்தானே என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். கோபமில்லை. ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்கிற குரல் அது.

"உடம்புக்கு முடியாம விழுந்தா நீங்க குளிப்பாட்டுங்க, ஊட்டுங்க, எல்லாம் செய்யுங்க. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நடமாடுற வரைக்கும் என் பல்லை நான்தான் மாட்டுவேன், நான்தான் கழட்டுவேன். அதுக்கும் ஒரு ஆளு வேணும்னா எனக்கு இந்தப் பல்லே வேணாங்க."

பல் இல்லாமல் எப்படி வேலைக்குப் போவாய், விட்டுவிடுவாயா என்று கேட்டேன். விட்டுடுவேன் என்றாள், யோசிக்காமல். இருபது வருட வேலை.

எனக்கு வருத்தம்தான். ஆனால் நாள் முழுக்க அதை நினைத்து நினைத்து, மாலையில் எனக்கு என்ன தோன்றியது என்றால், இவள் மாதிரி ஒருத்தியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நேரம் கொடுங்கள், காலையில் வேண்டாம் என்று அவளே கேட்டு வாங்கினாள்.

ஜூலை 18

ஆறேகால் மணிக்கு உள்ளே போனாள். நான் வெளியே.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். நான்தான் கை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் டாக்டர், என் தப்பு என்றேன்.

"இல்ல சார், தப்பு என்னோடது. சாயங்காலம் கழட்ட வேண்டியதை நான் காலையில வச்சு டெஸ்ட் பண்ணிட்டேன். அந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்த எனக்கே அது தோணல. இனிமே யாருக்கும் அப்படிப் பண்ண மாட்டேன்."

உள்ளேயும் இவளிடம் இதே வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம். படித்தவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை என்ஜினியர்கள் அளவைத் தப்பாக எழுதிவிட்டு என் தலையில் போட்டிருக்கிறார்கள்.

புண் ஆற பத்து நாள். அதுவரை வளையம் எதுவும் வேண்டாம், செட்டை வெறுமனே வைத்துக்கொள்ளலாம். ஆடும். வேலைக்குப் போக முடியாது. பத்து நாள் கழித்து மறுபடியும் தேர்வு. திருகு அப்படியே இருக்கும், பிடிப்பான் மட்டும்தான் மாறும், அதனால் பயப்பட வேண்டாம் என்றார்.

ஜூலை 21

அடுப்புப் பக்கத்துக் கதவின் புதுக் கேட்ச் இரண்டையும் கழற்றினேன். அவளை நிற்க வைத்து, எந்தக் கதவு, எந்தக் கை, எந்த விரல் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பதினொரு கதவில் ஏழு கதவு அவளுக்குத் திறக்க வருவதில்லை. ஏழு! இதே வீட்டில்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28

இன்று நடந்ததை முழுசாக எழுதிவைக்க வேண்டும்.

காலையிலிருந்தே இவள் கையை வேண்டுமென்றே களைப்பாக்கினாள். போர்வை இரண்டைக் கையால் துவைத்துப் பிழிந்தாள். தோட்டத்தில் களை பிடுங்கினாள். மதியத்துக்கு மேல் ஸ்கூலுக்குப் போய், நிறுத்தி வைத்திருந்த பழைய வண்டியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா கியர் போட்டுக்கொண்டிருந்தாளாம். எதற்கு இதெல்லாம் என்றால், நல்ல கையோட போனா மறுபடியும் ஏமாந்துடுவோம் என்றாள். ஆறு மணிக்குக் கட்டைவிரல் அடி உப்பிப்போயிருந்தது. பரீட்சைக்கு இப்படித் தயாரான ஆளை நான் கண்டதில்லை.

முதலில் மேசைமேல், என் முன்னால், காந்த மாதிரி. வீங்கின கையோடு ஒரே நெம்பில் எடுத்துவிட்டாள். எனக்கு நிம்மதி. அப்புறம் அவளே அதைத் திரும்ப மாட்டி, விரலால் பக்கவாட்டில் தள்ளினாள். நழுவியது. "கத்தும்போது என் தாடை இப்படித்தான் போகும்," என்று டாக்டருக்குச் செய்து காட்டினாள். டாக்டர் மறைக்காமல் சொன்னார்: கழற்ற இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை, ஆனால் பக்கவாட்டுப் பிடி குறைவுதான். நீல வளையம் நடுவில் நிற்கும். இதைப் போட்டுப் பார்ப்போம், வரவில்லையென்றால் காந்தத்துக்கு மாறுவோம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. இது எனக்குப் பெரிய சாதனை. வாயில் வைத்துப் பார்க்கிற நேரம் வந்ததும் நானாகவே எழுந்து வெளியே போனேன்.

வெளியே ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சில நிமிடம் சத்தமில்லை. திடீரென்று உள்ளேயிருந்து, "பிரேக்!" என்று ஒரு கத்தல். எதிரே இருந்தவர் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டார். என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. மறுபடியும், "பிரேக்!" மூன்றாவது தடவை ஒரு குழந்தை அழத் தொடங்கியது. வரவேற்பு மேசைப் பெண் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பல் அசையவில்லை, அது கத்தலிலேயே தெரிந்தது.

அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அது கழற்றுகிற நேரம். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று வரும் வழியில் சொன்னாள். விரல் நுனியால் இரண்டு தடவை இழுத்திருக்கிறாள், வழுக்கிவிட்டது. டாக்டர் கையை நீட்டினார். இருங்க என்றாள். ஆள்காட்டி விரலை மடக்கி, அந்த மூட்டைச் செட்டின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளினாள். சமையலறையில் டப்பா மூடி, கார் கதவு எல்லாவற்றையும் இப்போது அப்படித்தான் திறக்கிறாளாம். நுனியில்தான் வலி, மூட்டில் பலம் இருக்கிறது. ஒரு பக்கம் எழும்பியது, ஆனால் மூட்டு நிற்க இடமில்லாமல் நழுவியது.

"இங்க கொஞ்சம் பள்ளமா இருந்தா வந்துடும் டாக்டர்," என்றிருக்கிறாள்.

டாக்டர் எழுந்துபோய் அச்சு எடுக்கிற மாவைப் பிசைந்து கொண்டுவந்தார். மடக்கிய மூட்டை அதில் அழுத்தச் சொன்னார். அந்தத் தடத்தை அளந்து, செட்டின் இரண்டு ஓரத்திலும், கன்னத்துப் பக்கம், ஈறில் குத்தாத மாதிரி மழமழப்பாக ஒரு குழி வைக்க லேபுக்கு எழுதிக் கொடுத்தார். யாருடைய விரல் கணக்கும் இல்லை, இவள் விரல் கணக்கு.

முப்பத்தைந்து வருடம் கைப்பிடி வைத்திருக்கிறேன். திறக்கப்போகிற கையை ஒரு தடவைகூட அளந்ததில்லை. இவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆள் யாரும் இல்லை, வலிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதையும் புலம்பலாக்காமல் வேலையாக்கிவிட்டாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பாருங்க என்றாள்.

ஆகஸ்ட் 5

குழி வைத்த செட் வந்தது. நீல வளையம். பாத்ரூமில் நாலு நிமிடம்.

ஆகஸ்ட் 6

ஆறு நிமிடம். கேட்கவில்லை, கடிகாரம் எதிரே இருக்கிறது, நான் என்ன செய்ய.

ஆகஸ்ட் 8

கடிகாரத்தைக் கூடத்தின் அடுத்த சுவருக்கு மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

வேலை ஆரம்பித்து ஒரு வாரம். பாங்க்காரி லைசன்ஸ் எடுத்துவிட்டாள். சோதனை அதிகாரி, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். எதற்கு என்று கேட்டதற்கு, பயப்படும்போதுகூடச் சரியாக நிறுத்துகிறாயே என்றாராம். இவள் அதை எனக்கு இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நானே கேட்டு வாங்கினேன்.

புண் ஆறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கிறது, தினமும் கழற்றுகிற வாய் என்று தெரிகிறது என்றார். வளையம் தேய்ந்து பிடி தளர்ந்தால் உடனே வர வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த மாதத்திலிருந்து கை வலிக்காரர்கள் எல்லாரையும் சாயங்காலத்தில்தான் பார்ப்பதாக டாக்டர் பலகையே மாட்டியிருக்கிறார். இவள் அதைப் படித்துவிட்டுப் படிக்காத மாதிரி நடந்து வந்தாள்.

செப்டம்பர் 12

வேறு ஊரில் புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல். அங்கே கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கு நாலு நாள் பயிற்சி கொடுக்க இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்குவதற்குத் தனி அறை. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனையோ அழைப்பு வந்திருக்கிறது. ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பாள். வெளியூர் என்றால் பல் கவலை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னாள். நானும் வரட்டுமா என்றேன். எதுக்கு என்றாள்.

செப்டம்பர் 21

கிளம்பிவிட்டாள். பெட்டியில் டப்பாவும் மாத்திரை அட்டையும் மேலாகவே இருந்தன. மறைத்து வைக்கவில்லை.

செப்டம்பர் 22

வீடு பெரிதாகத் தெரிகிறது. சாதம் குழைந்துவிட்டது. போனில் சொன்னேன், தண்ணியை அளந்தீங்களா என்றாள். வகுப்புக்கு நடுவில் பேசியதால் இரண்டு நிமிடம்தான்.

செப்டம்பர் 23

ஏழரை மணிக்குப் போன் வந்தது. எடுத்து, சொல்லு என்றேன்.

ஒரு நொடி, பேசுவது வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். வார்த்தைகள் எல்லாம் மெத்தென்று வந்தன, ஓரமில்லாமல், காற்று கலந்து. உதடு உள்ளே மடங்கியிருக்கிற பேச்சு. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பல்லைக் கழற்றிவிட்டுப் பேசுகிறாள் என்று புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன் என்றேன், சாதாரணமாக. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நம்புகிறேன்.

பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். அதில் ஒருவர் லாரி ஓட்டியவர், யார் சொன்னாலும் கேட்கமாட்டாராம், இன்று மத்தியானம் இவள் போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. வாய் முழுக்கத் திறந்து, கையால் மறைக்காமல் சிரிக்கிற சத்தம். அறை ஜன்னலிலிருந்து ரயில் தெரிகிறது என்றாள், படுக்கை மெத்தை ரொம்ப மென்மை என்றாள், கை வலி பரவாயில்லை என்றாள். கை வலிக்கு முந்தியெல்லாம் ஒன்றுமில்லை என்பாள்.

பல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் புரியாத இடங்களில் மறுபடி சொல் என்று கேட்காமல் ம் கொட்டினேன். அவளுக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று.

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவள் வைக்கிறவரை நான் போனை வைக்கவில்லை.